துரு எங்கே பிடிக்கும் என்பது கணினிக்குத் தெரியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் சிங்கப்பூரில் உள்ள உயர்கல்வி நிலையம் ஒன்றில் மாணவர்கள் கணினியில் வடிவமைத்த இயந்திர மாதிரிகளின் கண்காட்சியைப் பார்க்கச் சென்றிருந்தேன். கப்பல் தளத்தில் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச், துறைமுகப் பாரந்தூக்கி, பழைய டீசல் இயந்திரம் என்று ஒவ்வொன்றும் போல்ட், நட்டு வரை அளவு பிசகாமல் செய்யப்பட்டிருந்தது. அவற்றைச் செய்தவர்களில் நம் பிள்ளைகளும் சிலர் இருந்ததைக் கண்டு உள்ளபடியே மகிழ்ந்தேன். ஆனால் அந்த மாதிரிகள் எல்லாவற்றிலும் ஒரே துரு இருந்தது. கடலோரம் நிற்கும் பாரந்தூக்கிக்கும் கூரையின்கீழ் எண்ணெய் பூசிக் கிடக்கும் இயந்திரத்திற்கும் அதே பழுப்பு நிறம், அதே அளவு, எல்லா விளிம்புகளிலும் ஒரே அகலத்தில் வண்ணம் உரிந்த அதே வெள்ளைக் கோடு. பதினைந்து ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாக அந்த மாணவர்களிடம் சேர்க்க விரும்புகிறேன்.

குறை மாணவர்களுடையது அன்று. கணினி மாதிரிகளின் மேற்பரப்புக்கு வண்ணம் பூசும் சப்ஸ்டன்ஸ் பெயிண்டர் போன்ற மென்பொருள்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் துரு மெட்டீரியல், அதாவது துருவின் தோற்றம், ஒன்றை எடுத்து மாதிரியின்மேல் போட்டால், எது விளிம்பு, எது பள்ளம் என்பதை மென்பொருளே கணக்கிட்டு, விளிம்பில் வண்ணம் தேய்ந்ததாகவும் பள்ளத்தில் அழுக்குச் சேர்ந்ததாகவும் சில நொடிகளில் காட்டிவிடும். தொடங்குவதற்கு அது நல்ல கருவிதான். நானும் நாள்தோறும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குத் தெரிவது வடிவம் மட்டுமே. அந்த இயந்திரம் எந்தப் பக்கம் கடலைப் பார்த்து நின்றது, எந்தப் பிடியை எத்தனை பேர் பிடித்தார்கள், எங்கே எண்ணெய் கசிந்தது என்பது எதுவும் அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் மாதிரியைச் செய்பவர்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தந்தையார். செம்பவாங் வட்டாரத்துக் கப்பல் பட்டறை ஒன்றில் துரு அடித்து வண்ணம் பூசும் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்குமேல் உழைத்தவர் அவர். 1938இல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை (கப்பலை உள்ளே நிறுத்தி நீரை வெளியேற்றிப் பழுதுபார்க்கும் துறை) இருக்கும் அதே கரையில்தான் அவருடைய இளமை கழிந்தது. நான் இத்தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், பல வாரங்கள் பாடுபட்டுச் செய்த வின்ச் மாதிரி ஒன்றைப் பெருமையோடு அவருக்குக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கிப் பார்த்தவர், "தம்பி, இந்த வின்ச் ஒருநாள்கூட வேலை செஞ்சதில்லையே. டிரம்முல வயர் ஓடுன தடத்தைக் காணோமே" என்றார். பிறகு ஒரு பென்சிலை எடுத்துத் திரையில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார். கம்பிவடம் சுற்றும் உருளையில், வடம் உராயும் பகுதி வெளிறித் தேய்ந்திருக்கும். வடத்தில் பூசிய கிரீஸ் அதன்மேல் கறுப்பாகப் படிந்து, அந்த இடத்தில் துருவை அண்டவிடாது. பிரேக் பட்டை பிடிக்கும் வளையம் நேற்றுத்தான் வேலை நடந்தது என்றால் பளபளக்கும். ஒரு வாரம் சும்மா இருந்தால் மெல்லிய செம்மஞ்சள் துரு பாய்ந்திருக்கும். இயக்கும் கைப்பிடியின் நுனியில் வண்ணம் போய் இரும்பு வழவழவென்று தெரியும்; அதே கைப்பிடியின் அடிப்பகுதியில் பூசிய வண்ணம் பூசியபடியே இருக்கும், ஏனென்றால் அங்கே யாரும் கை வைப்பதில்லை. போல்ட் தலைகளில் எல்லாம் விளிம்பு தேய்ந்திருக்காது. அடிக்கடி கழற்றி மாட்டும் நான்கைந்து போல்ட்டுகளின் முனைகள் மட்டும் ஸ்பேனர் பட்டு மழுங்கியிருக்கும். மற்றவை பல கோட் வண்ணத்திற்குள் புதைந்து, நட்டு எது, தகடு எது என்று தெரியாத அளவுக்கு மொழுகிப் போயிருக்கும்.

அன்று நான் எழுதி வைத்துக்கொண்ட அந்தத் தாளை இன்றும் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

நம் ஊரின் நிலையையும் மாணவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு பிறக்கும். உப்பு அதை விரைவுபடுத்தும். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மணல் வீசித் துருவகற்றிய எஃகுத் தகட்டுக்குச் சில மணி நேரத்துக்குள் முதல் கோட் அடிக்காவிட்டால் அன்று மாலையே அதன்மேல் மஞ்சள் படர்ந்துவிடும் என்று என் தந்தையார் சொல்வார். நாம் எளிதில் எதிர்பார்க்காத ஒன்றும் உண்டு. மழை நேராக விழும் மேற்பரப்பைவிட, மழை படாத அடிப்பகுதியே கடலோரத்தில் பல வேளைகளில் மோசமாகத் துருப்பிடிக்கும். மேலே படியும் உப்பை மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கீழே படிந்த உப்போ அங்கேயே தங்கி, இரவுப் பனியில் நனைந்து, இரும்பை விடாமல் அரிக்கிறது. ஆனால் கண்காட்சியில் நான் பார்த்த பாரந்தூக்கிகளில் துரு முழுவதும் மேலே இருந்தது. அடியில் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. இது வெறும் அழகைப் பற்றிய குறை என்று தள்ளிவிட முடியாது. இத்தகைய மாதிரிகளைக் கொண்டு இயந்திரச் சோதனையாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் காலம் இது. திரையில் மேலே மட்டும் துருவைப் பார்த்துப் பழகிய இளைஞர், நாளை உண்மையான பாரந்தூக்கியின் அடியில் குனிந்து பார்க்காமல் போய்விடக் கூடாது.

துருவின் தோற்றத்தையும் அதன் பிறப்பே முடிவு செய்கிறது. புதிய துரு மஞ்சள் கலந்த செம்மை, நாள்பட்டது கரும்பழுப்பு, ஆக்சிஜன் அதிகம் எட்டாத அடியடுக்கு கறுப்பு. துரு தான் அரித்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால், அது வண்ணத்தை அடியிலிருந்து நெம்பித் தூக்குகிறது. முதலில் கொப்புளம், பிறகு வெடிப்பு, அதன்பின் செதில். அந்தச் செதிலின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் மேல் கோட், நடுக் கோட், துருவைத் தடுக்க முதலில் பூசும் ரெட் ஆக்சைடு என்று பூசிய வரிசை முழுவதும் மெல்லிய வளையங்களாகத் தெரியும். மாதிரியில் பழுப்புப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, அதைச் சுற்றிய வண்ணத்தைச் சமதளமாக விட்டுவிட்டால், என்ன குறை என்று சொல்லத் தெரியாதவர் கண்ணுக்கும் அது பொய்யாகவே படும். இந்த அடுக்குமுறை புதிதன்று. கணினி வரைகலை ஆய்வாளர்களான ஜூலி டோர்சியும் பேட் ஹன்ரஹனும் 1996ஆம் ஆண்டிலேயே, உலோகத்தின்மேல் படரும் களிம்பை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தும் அரிக்கப்பட்டும் வளரும் அடுக்குகளாகக் கணினியில் காட்டும் வழியை வகுத்து வெளியிட்டார்கள்.

மாணவர்கள் மிகுதியாகச் செய்யும் ஒரு தொழில்நுட்பப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். மாதிரியின்மேல் போர்த்தும் படங்களை மேப் என்பார்கள். ஒவ்வோர் இடமும் உலோகமா இல்லையா என்பதைக் குறிக்கும் மெட்டாலிக் மேப்பில், இயந்திரம் இரும்பாயிற்றே என்று எல்லா இடத்திற்கும் 1 என்று கொடுத்துவிடுகிறார்கள். துரு உலோகமன்று, வண்ணமும் உலோகமன்று. அவ்விரண்டுக்கும் 0, வண்ணம் போய் வெளித்தெரியும் இரும்புக்கு மட்டும் 1 என்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துரு, விளக்கிய செம்புக் குடத்தைப் போல மின்னும். அன்று பார்த்த டீசல் இயந்திரம் ஒன்று அப்படித்தான் மின்னியது. சொரசொரப்பைக் குறிக்கும் ரஃப்னஸ் மேப்பிலோ ஒரே எண்ணை எங்கும் வைக்கக் கூடாது: காய்ந்த துரு ஒளியைச் சிதறடிக்கும், எண்ணெய் ஊறிய துரு மங்கலாகப் பளபளக்கும், வெயிலில் வெளுத்துப் பொடியாகும் பழைய வண்ணம் சுண்ணாம்பைப் போல் ஒளியிழந்து நிற்கும். என்னைக் கேட்டால், நிறத்தில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்த ரஃப்னஸ் மேப்பில் செலவிட வேண்டும் என்பேன்.

உலோகத்துக்கு உலோகம் முதுமை வேறுபடும். செம்பில் களிம்பு ஏறும். துத்தநாகம் பூசிய தகட்டில் வெண்பொடி பூக்கும். அலுமினியம் சிவக்காமல் வெளிறிச் சிறு குழிகள் விழும். பூசையறைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பித்தளை எங்கே கறுக்கும், எங்கே பளிச்சிடும் என்பது புதிய செய்தியா என்ன? தண்டு வளைவின் இடுக்கில் கறுப்பு தங்கும். துணி எட்டும் இடம் பொன்போல் இருக்கும். பித்தளை வால்வு ஒன்றை வடிவமைக்கும்போது அந்த விளக்கை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டாலே போதும்.

பார்த்துப் பழகுவதற்கு நம் தீவில் இடமில்லாமல் இல்லை. 1932இல் ரயில் பாதை மாற்றி அமைக்கப்பட்டபோது எழுந்த புக்கிட் தீமா இரும்புப் பாலங்களுக்கு அடியில் நின்று, ரிவெட்டுகளின்மேல் வண்ணம் எப்படித் திரண்டிருக்கிறது, நீர் எந்தத் திசையில் வடிந்திருக்கிறது என்று பார்க்கலாம். சிலோசோ கோட்டையில் பீரங்கிகளை அருகில் நின்று பார்க்கலாம். படம் எடுக்க மேகமூட்டமான நாளே நல்லது. நிழல் விழாது, நிறம் உள்ளபடி வரும். அளவு தெரிய ஓர் ஐம்பது காசு நாணயத்தைப் பக்கத்தில் வைத்தால் பிறகு உதவும்.

ஆயினும் படங்கள் சொல்லாததைச் சொல்ல ஆட்கள் வேண்டும். கப்பல் பட்டறைகளிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்வுபெற்ற தமிழர்கள் இன்னமும் ஈசூனிலும் செம்பவாங்கிலும் நம் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் மாலை நேரங்களில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு கறையைப் பார்த்த மாத்திரத்தில் அது எண்ணெயா, துருவா, எத்தனை மாதத்தது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். தங்கள் நாளிதழ் அவர்களில் சிலரை நேர்கண்டு, அவர்கள் கையாண்ட இயந்திரங்களைப் பற்றியும் துருவைப் பற்றியும் அவர்கள் சொற்களிலேயே வெளியிட வேண்டும் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வடிவமைப்பு கற்பிக்கும் ஆசிரியர்களும், மதிப்பெண் இடுவதற்குமுன் மாணவரின் மாதிரியை அத்தகைய ஒருவரிடம் ஒருமுறை காட்டச் செய்யலாம்.

என் தந்தையாருக்கு இப்போது 74 வயது. முழங்கால் வலியால் நெடுந்தொலைவு நடக்க இயலாது. கண் நன்றாகவே தெரிகிறது. ஈசூன் வட்டாரச் சமூக மன்றம் எதிலாவது ஒரு சனிக்கிழமை பிற்பகலில் மாணவர்கள் தங்கள் கணினிகளோடு கூடுவார்களானால், அவரை அழைத்து வர ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் தனியே கொடுத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்