வேலிக் கதியால்களை விட்டுவையுங்கள்: யாழ்ப்பாணப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கார்த்திகை பிறந்தால் மரநடுகை. கூடவே ‘மரம் நடுவோம், மழை பெறுவோம்’ என்ற பதாகையும் வந்துவிடும். கன்று நல்லது, பதாகைதான் பிழை. எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வங்கக் கடல் பக்கமிருந்து வருவது. குடாநாட்டில் எத்தனை கன்று வைத்தாலும் அது கூடப்போவதில்லை.

தாவரத்துக்கும் மழைக்கும் தொடர்பில்லை என்றல்ல. ஆபிரிக்காவின் சாகேல் வறட்சியைப் பற்றி 1975இல் ஜூல் சார்னி என்ற வானிலை அறிஞர் ஒரு விளக்கம் சொன்னார். மேய்ச்சலில் புல் அழிந்து வெளிர் மணல் தெரிந்தால் வெயில் கூடுதலாகத் தெறித்துத் திரும்பும். தரை வாங்கும் சூடு குறைய, மேலெழ வேண்டிய காற்று கீழிறங்கும். முகில் கட்டாது, மிஞ்சிய புல்லும் கருகும். வறட்சிக்கு முதற்காரணம் கடல் வெப்பநிலை மாற்றம் என்றும், வெறுந்தரை அதைக் கடுமையாக்கியது என்றும் பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆனால் சாகேல் பல நாடுகளுக்குக் குறுக்கே கிடக்கும் நிலம். வலிகாமம் அதில் ஒரு மூலைக்கும் காணாது.

இங்கே மரத்துக்கு வேறு வேலை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கதியால் வேலி, அதாவது ஊன்றிய தடிகள் துளிர்த்து நிற்கும் உயிர்வேலி, காற்றைத் தடுத்து, தோட்டத்து ஈரம் காய்வதைத் தாமதப்படுத்தும். நிழலும் இலை விடும் நீராவியும் சூட்டைத் தணிக்கும். அந்த நீராவியும் நிலத்தடிச் சுண்ணக்கல்லில் தேங்கி எங்கள் கிணறுகளுக்கு வரும் மாரித் தண்ணீர்தான். ஆகவே எந்த மரம் என்பது முக்கியம். வடமராட்சிக் கரையோர ஊரான மணற்காட்டில் மணலைக் கட்டச் சவுக்கு சரி. கிணற்றடிக்கு அது எதற்கு?

அதே சாகேலில் உள்ள நைஜர் நாட்டு விவசாயிகள் கன்று நடவில்லை. வயலில் வெட்டுண்டு கிடந்த அடிக்கட்டைகளின் தளிரை வளரவிட்டே ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டேயரில் மரங்களை மீட்டார்கள். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் கதியால்தான் நினைவுக்கு வந்தது. மாரியில் ஒரு தடி ஊன்றினால் போதும், கிளுவையும் பூவரசும் துளிர்த்துவிடும். ஆட்டுக்கும் குழை, தோட்டத்துக்கும் குழை. கிளுவை கடுங்கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும், தண்ணீருக்குப் போட்டி குறைவு.

எங்கள் ஒழுங்கையை அகலிக்க வந்த இயந்திரம் இரண்டு பக்க வேலியையும் ஒரு பகலில் வழித்துப் போட்டது. இப்போது மதில். அந்த மதிலுக்கு முன்னால்தான் பிறகு கன்று கொடுத்தார்கள், காவல் கூடுகூட இல்லாமல்.

வீதி வேலைக்கு மதிப்பீடு போடும்போதே, வெட்டும் கதியாலைப் பின்தள்ளி ஊன்றும் செலவையும் சேர்த்துவிடுங்கள். கார்த்திகையில் எத்தனை கன்று கொடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டாம். அடுத்த ஆவணியில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வலிகாமத்துத் தோட்டக்காரன் ஒருவன்