சைக்கிளுக்கு வரி, அருவிக்குச் சீட்டு

போர்ட்லாந்து,
ஒரிகன் மாநிலம், அமெரிக்கா.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி எல்லாரும் நலமா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. பெரிதாகக் கொட்டாது, விடவும் விடாது; இனி வசந்தம் வரைக்கும் இப்படித்தான் தூறிக்கொண்டிருக்கும். இதில் பாதி பாலக்கோட்டுப் பக்கம் திருப்பிவிட முடிந்தால் நம் தக்காளிக்காரர்கள் கும்பிடுவார்கள்.

நான் புது சைக்கிள் வாங்கியதைச் சொன்னதும், "பில்லில் 15 டாலர் வரியா? சைக்கிளுக்கா?" என்று போனில் கேட்டீர்கள். நான் பதில் ஆரம்பிப்பதற்குள் "சரி, சாப்பிட்டியா" என்று அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டீர்கள். சைக்கிள் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவருக்கு இதை அரைகுறையாகச் சொல்லி விட மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

இந்த ஒரிகன் மாநிலத்தில் விற்பனை வரி என்பதே கிடையாது. சட்டையோ ஃபிரிட்ஜோ, அட்டையில் போட்ட விலைதான் பில்லிலும் வரும். அப்படிப்பட்ட ஊரில் 2017-இல் ஒரு போக்குவரத்துச் சட்டம் போட்டு, 2018 ஜனவரியிலிருந்து 200 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள ஒவ்வொரு புது சைக்கிளுக்கும் 15 டாலர் வாங்குகிறார்கள். 250 டாலர் சைக்கிளுக்கும் 15, பந்தயக்காரர்கள் வாங்கும் 8,000 டாலர் சைக்கிளுக்கும் அதே 15. பழைய சைக்கிள் வாங்கினால் ஒன்றும் இல்லை. வருகிற பணம் சைக்கிள் பாதை, நடைபாதைக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. நம் தாத்தா காலத்தில் பஞ்சாயத்துக்கு வரி கட்டி, தகர வில்லை வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், வில்லை இல்லாவிட்டால் பிடித்துக்கொள்வார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்களே, அதைத்தான் இவர்கள் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எதற்காக இந்த வரி என்றால், கார்க்காரர்களின் மனக்குறை. வேலைக்கு சைக்கிளில் போகும்போது சிக்னலில் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "நீ ரோட்டுக்கு வரி கட்டுறியா? ஓரமாப் போ" என்று கத்திவிட்டுப் போனார். அவர் கணக்கு இதுதான். அமெரிக்காவிலேயே முதன்முதலாகப் பெட்ரோலுக்கு வரி போட்டது இந்த மாநிலம். 1919-இல், காலனுக்கு ஒரு சென்ட். 2024-இல் அது 40 சென்ட் ஆனது. காலன் என்றால் ஏறக்குறைய மூன்றே முக்கால் லிட்டர். மத்திய அரசு தனியாக 18.4 சென்ட் எடுக்கிறது. ஒரிகனில் பெட்ரோல் வரியைச் சாலை தவிர வேறெதற்கும் தொடக்கூடாது என்று மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1971-இல் ஒரு சட்டம் வந்தது: சாலைப் பணத்தில் குறைந்தது நூற்றுக்கு ஒரு பங்கை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவழிக்க வேண்டும். பெட்ரோல் போடுகிறவன் பணத்தில் பெட்ரோல் போடாதவனுக்குப் பாதையா என்கிற கோபம் அன்றிலிருந்து புகைகிறது.

கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த மனிதர் என்னைத் திட்டினாரே, எங்கள் வீட்டிலும் ஒரு கார் நிற்கிறது, அதற்கும் நாங்கள்தான் பெட்ரோல் போடுகிறோம். அப்புறம், உள்ளூர்த் தெருக்களுக்கு ஆகும் செலவில் பெரிய பகுதி இந்த நாட்டில் வீட்டு வரி மாதிரியான பொது வரிகளிலிருந்து வருகிறது. நெடுஞ்சாலைகளுக்கே பெட்ரோல் வரி போதாமல், 2008-இலிருந்து மத்திய அரசு பொதுக் கஜானாவிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த 18.4 சென்ட்டை 1993-க்குப் பிறகு ஏற்றவே இல்லை, எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை. ஆக, கார்க்காரர் முழுச் செலவையும் தாங்குகிறார், சைக்கிள்காரர் ஓசியில் போகிறார் என்பது சும்மா பேச்சு.

இன்னொன்று சொன்னால் நீங்கள் ரசிப்பீர்கள். 1950-களின் கடைசியில் இல்லினாய் மாநிலத்தில் சோதனைக்கென்றே சாலை போட்டு, ராணுவ வீரர்களை வைத்து இரண்டு வருஷம் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அதில் தெரிந்தது: ஓர் அச்சில் இறங்கும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறத்தாழ 16 மடங்கு. பாரம் பத்து மடங்கானால் சேதம் பத்தாயிரம் மடங்கு. கிருஷ்ணகிரியிலிருந்து கிரானைட் கல்லை ஏற்றிக்கொண்டு போகும் ஒரு லாரி ஒரே ஒரு தடவை போனால் சாலைக்கு ஆகும் கேட்டை, நான் ஆயுள் முழுக்க மிதித்தாலும் செய்ய முடியாது. தொப்பூர் பக்கமும் கிருஷ்ணகிரியிலும் டோல்கேட்டில் லாரிக்கு ஒரு ரேட், காருக்கு ஒரு ரேட், டூவீலருக்கு ஒன்றுமில்லை என்று வைத்திருக்கிறார்களே, அதை நான் இங்கே ஆபீஸில் சொல்லி வாதாடுகிறேன். டோல் விஷயத்தில் நம்மை உதாரணம் காட்டுவேன் என்று நானே நினைத்ததில்லை.

அதற்காக சைக்கிளுக்குச் செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனிப் பாதைக்குக் கோடு போட வேண்டும், தனி சிக்னல் வைக்க வேண்டும். இங்கே ஆற்றின் மேல் 2015-இல் ஒரு பாலம் திறந்தார்கள். ரயில், பஸ், சைக்கிள், நடப்பவர்கள் மட்டும்தான், சொந்தக் கார் ஏறவே கூடாது. அதெல்லாம் சும்மா வராது. என்றாலும் ஒருவர் காரை விட்டுவிட்டு சைக்கிள் எடுத்தால் ஊருக்கு லாபம். அதற்குப் போய் அபராதம் மாதிரி ஒரு வரி எதற்கு?

எனக்கு பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கமே சைக்கிள் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கென்று 2001-02-இல் ஆரம்பித்து, 2005-06-இல் எல்லாருக்கும் என்று விரித்தார்கள். வாடகை சைக்கிள் எடுக்க ஆள் வரவில்லை என்று நீங்கள் புலம்பினீர்கள். அப்புறம் அந்த இலவச சைக்கிள்களுக்கெல்லாம் நட்டு முறுக்கி, பால்ரஸ் மாற்றி, ரிம் கோணல் எடுத்து நீங்களே சம்பாதித்தீர்கள், அது வேறு கதை. எங்கள் வகுப்பில் எத்தனை பெண்கள் அந்த சைக்கிள் இல்லாவிட்டால் பத்தாவதோடு நின்றிருப்பார்கள்! ஒரு அரசாங்கம் சைக்கிளைக் கையில் கொடுத்துப் படிக்க அனுப்பியது, இன்னொன்று சைக்கிளைக் காட்டி 15 டாலர் கேட்கிறது. பணக்கார நாடு எது என்று கேட்காதீர்கள்.

சாலையில் என் கட்சி இதுதான். ஆனால் காடு, மலை, அருவி என்று வந்தால் நான் கட்சி மாறிவிடுகிறேன். தம்பிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், அவன்தான் "காட்டுக்குள் நடக்கவும் காசா" என்று குரூப்பில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

என் ஆபீஸில் ஒருவர் வேட்டைக்காரர். லைசன்ஸ் எடுத்து மான் சுடுவார், ஆற்றில் சால்மன் பிடிப்பார். அவர் ஒருநாள் கேட்டார்: "நான் வாங்குற துப்பாக்கியிலும் தோட்டாவிலும் வரி போகுது, நீங்க வாங்குற கூடாரத்தில் என்ன போகுது?" உண்மைதான். இங்கே வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இப்போது 11 சதவீதம் வரி. 1937-இல் வந்த சட்டப்படி அது காட்டுயிர்களைக் காப்பாற்ற மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. 1950-இல் தூண்டில் சாமான்களுக்கும் அதேபோல் வந்தது. வாத்து சுடுகிறவர்கள் 1934-இலிருந்து தனியாக ஒரு ஸ்டாம்ப் வாங்க வேண்டும், இப்போது 25 டாலர். அந்தப் பணத்தில்தான் ஈர நிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறார்கள். சுடுகிறவர்கள் காசில் காடு நிற்கிறது, நாங்கள் பையை மாட்டிக்கொண்டு போய்ப் பறவை பார்த்துவிட்டு வருகிறோம். 1990-களில் முதுகுப்பை, கூடாரம், பைனாகுலர் எல்லாவற்றிலும் கொஞ்சம் வரி போடலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. சாமான் விற்கிற கம்பெனிகள் எதிர்த்தன, அப்படியே படுத்துவிட்டது. அவருக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஆகவே மலையடிவாரத்தில் கார் நிறுத்த நாளைக்கு 5 டாலர், வருஷத்துக்கு 30 டாலர் என்று வனத்துறை கேட்டால் நான் முணுமுணுக்காமல் கொடுத்துவிடுகிறேன். பல இடங்களில் வசூலிக்க ஆளே கிடையாது. ஒரு கவரில் பணத்தைப் போட்டு, கார் நம்பரை எழுதி, இரும்புக் குழாயில் போட்டுவிட்டுக் கிழித்த துண்டைக் கார் கண்ணாடியில் வைக்க வேண்டும். நான் கொடுப்பதற்குக் காரணம் ஒன்றுதான். 2004-இல் போட்ட சட்டப்படி, இப்படி வசூலாகும் பணத்தில் குறைந்தது 80 சதவீதம் அந்த இடத்திலேயே செலவாக வேண்டும். கழிப்பறையில் காகிதம் இருக்கிறது, பாதையில் விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்கியிருக்கிறார்கள். கொடுத்தது எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

இங்கே மல்ட்னோமா என்று ஓர் அருவி, 620 அடி. நம் ஒகேனக்கல் மாதிரி அகலமாகப் பொங்காது, ஒரே கோடாக விழும். கோடை மாதங்களில் கூட்டம் தாங்காமல், பகல் நேரத்தில் கார் நிறுத்துகிறவர்கள் இரண்டு டாலர் கொடுத்து முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொண்டு வர வேண்டும் என்று வைத்தார்கள். பஸ்ஸிலோ சைக்கிளிலோ வந்தால் எதுவும் தேவையில்லை. இதைத்தான் சரி என்கிறேன். இடத்தை அடைக்கிறவன் கொடுக்கட்டும்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? போன தடவை ஊருக்கு வந்தபோது ஒரு சுற்றுலா இடத்தில் வண்டிக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். அம்மாவுக்கு உடை மாற்ற ஓர் அறை தேடினோம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் வெளியே காவல் நின்றேன். கட்டணம் கூடுதல் என்று எனக்குக் கோபம் வரவில்லை. கூடுதலாகவே கொடுத்திருப்பேன், அந்தத் தாழ்ப்பாளைப் போட்டிருந்தால்.

ஒகேனக்கல் பரிசலைப் பாருங்கள், அங்கே பணம் யார் கைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். மாமா துடுப்புப் போடுகிறார், நாம் கொடுக்கிறோம். கர்நாடகத்தில் தண்ணீர் திறந்துவிட்டு ஆறு பெருகினால் பரிசலுக்குத் தடை, நாள்கணக்கில் அவர் வீட்டில் உலை யோசனைதான். சுற்றுலா வருகிறவர்களிடம் வாங்கும் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கை அந்தத் தடை நாட்களுக்கென்று ஒதுக்கி வைத்தால் என்ன? மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், சங்கத்தில் யாராவது பேசியிருக்கிறார்களா என்று.

தம்பி சண்டை போடும் மலையேற்ற விஷயமும் எனக்கு இப்படித்தான் படுகிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதற்கப்புறமும் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம் என்று விட முடியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 தடங்களைத் தேர்ந்தெடுத்து, ஆன்லைனில் பணம் கட்டி, வழிகாட்டியோடு போகும்படி வைத்தது. வழிகாட்டிகளாக மலைக்கிராமத்துப் பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து எடுத்திருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து காரில் வந்து மேலகிரிப் பக்கம் ஏறுகிறவர் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கட்டுமே. அஞ்செட்டியில் ஆடு மேய்க்கிறவரிடமும் தேன் எடுக்கிறவரிடமும் சீட்டு கேட்டால் மட்டும் தம்பி சண்டை போடட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கூட்டிப்போகவும் வேண்டும். இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேசியப் பூங்காக்களுக்கு ஒரு வருஷம் இலவச பாஸ் உண்டு, கூடவே காரில் வரும் குடும்பத்துக்கும் சேர்த்து. உங்கள் பேரன் இந்த வருஷம் நாலாவது. அவன் தயவில் நாங்கள் சுற்றுகிறோம், அதை ஒவ்வொரு கேட்டிலும் சொல்லிக் காட்டுகிறான்.

அம்மாவிடம் புளி வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள். ராகி மாவு இந்தத் தடவை இங்கேயே கிடைத்துவிட்டது, அனுப்ப வேண்டாம். கண் டாக்டரிடம் போனீர்களா இல்லையா, நேராகப் பதில் சொல்லுங்கள்.

தம்பி நண்பர்களோடு வத்தல்மலைக்கு சைக்கிளில் போகப் போகிறானாம். ஏறுவதைப் பற்றிப் பேசுகிறானே தவிர இறங்குவதைப் பற்றிப் பேசவில்லை. பிரேக் கட்டையும் கேபிளும் நீங்களே மாற்றிக் கொடுங்கள். கூலி வாங்கிக்கொள்ளுங்கள், அவனும் சம்பாதிக்கிறான்.

உங்கள் அன்பு மகள்