அப்பாவின் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள், அக்கா

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் அப்பாவின் கம்ப்யூட்டரையும் ஃபிளாப்பிப் பெட்டியையும் மாதக் கடைசிக்குள் பழைய சாமான்காரரின் பக்கி வண்டியில் ஏற்றிவிடப் போவதாக எழுதியிருந்தீர்கள். முக்கியமானதையெல்லாம் பிரிண்ட் எடுத்து, ஸ்கேன் செய்து, கூகுள் டிரைவில் போட்டாயிற்று, இனி அந்தப் பெட்டி எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குத் தனியாகவே பதில் போட்டிருக்கலாம். ஆனால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இதே கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கொடுக்காதீர்கள். சுவிட்சும் போடாதீர்கள். பழைய கம்ப்யூட்டர் கோப்புகளைக் காப்பாற்றி வைப்பதுதான் எங்கள் வேலை என்பதால் காரணம் சொல்கிறேன்.

நம் ஊரில் பழைய ஆவணம் என்றாலே கப்பல் பதிவேடுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரின் கணக்கு அது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று குமாஸ்தாக்கள் மையால் எழுதி வைத்தார்கள். அப்புறம் நெடுங்காலம் அந்த ஏடுகளை எட்டிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அப்படியும் தாள் தாங்கியது. இன்று கொள்ளுப்பேத்தி ஒருத்தி அவர்களில் ஒருவரின் பதிவு எண்ணைக் கொடுத்துத் தேடினால் வட ஆற்காட்டுக் கிராமத்தின் பெயர் வந்து நிற்கிறது.

அதே சமயம், 1998இல் உங்கள் அப்பா அடித்து வைத்த தமிழ்ப் பள்ளிக் கூட்டக் குறிப்பை இன்றைக்கு நம்மால் சட்டென்று திறந்து படிக்க முடியாது. கவனிக்காமல் கிடந்தாலும் தாள் தாங்கும். கம்ப்யூட்டர் கோப்பு தாங்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவர் அதை எடுத்து, திறக்கிறதா என்று பார்த்து, புதிய இடத்துக்கு மாற்றினால்தான் அது இருக்கும். நம் ஆட்களின் 1860 பத்திரமாக இருக்கிறது. 1985க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலம்தான் கைநழுவிக்கொண்டிருக்கிறது. என்னை ராத்திரியில் தூங்கவிடாமல் செய்வது இதுதான்.

முதலில் எழுத்துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைத்தான் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஆங்கிலச் சின்ன எழுத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் அது அம்மா. இல்லாத கம்ப்யூட்டரில் அது ஒன்றுமே இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000உம் அதனுடன் லதா எழுத்துருவும் வந்த பிறகுதான் அது வீடுகளில் புழங்கத் தொடங்கியது. உங்கள் அப்பா அதற்கு முன்பே எழுத ஆரம்பித்துவிட்டார்.

வேர்டில் அடித்த கோப்பு என்றால் எழுத்துருவின் பெயராவது உள்ளே இருக்கும். நோட்பேடில் அடித்ததில் அதுவும் இருக்காது. எழுத்துரு கையில் கிடைத்துவிட்டால் போதும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போட்டு, சின்னதாக ஒரு நிரல் எழுதி, மொத்தத்தையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்த எழுத்துரு எங்கே இருக்கிறது? அப்பாவின் கம்ப்யூட்டரில், விண்டோஸுக்குள்ளே ஃபாண்ட்ஸ் என்ற கோப்புறையில். உதவிக்கு வரும் பிள்ளைகள் ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையை மட்டும் பென் டிரைவில் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். படிப்பதற்கான வழி அங்கேயே நின்றுவிடும். நீங்கள் எறியப்போகும் பெட்டியில் அதுதான் இருக்கிறது, அக்கா.

இன்னொன்று சொல்கிறேன், ஒரு வாத்தியாரின் மகளாக உங்களுக்கு இது புரியும். வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்ட் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சின்ன கே ‘ம’, பெரிய கே ‘மு’. ‘மரம்’ என்று தொடங்கும் வாக்கியம் ‘முரம்’ என்று தொடங்கிவிடும். எய்ஸ்டெட்ஃபட் போட்டிக்குப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பாடல் தாள்களில் பேனாவால் உகரக் குறியை அடித்துத் திருத்தியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அப்பாவின் பிழை அல்ல. நாங்கள் மாற்றும்போது மூலக் கோப்பை அப்படியே தனியாக வைத்துவிடுவோம். திருத்திய நகல் வேறு, மூலம் வேறு. பின்னால் வரும் ஒருவர் அந்தக் காலத்தில் தமிழ் எப்படியெல்லாம் கஷ்டப்பட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது என்று எழுதுவார். அவருக்கு ‘முரம்’ தேவைப்படும்.

ஸ்கேன் செய்தது வீணா என்றால், இல்லவே இல்லை. அது ஒரு நல்ல பிரதி. ஆனால் படம் என்பதால் அதற்குள் நம்பித் தேட முடியாது. அவர் எதை எந்த ஆண்டு எழுதினார், எத்தனை முறை மாற்றினார் என்பதெல்லாம் பிரிண்டில் வராது. கூகுள் டிரைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2 ஆண்டு யாரும் தொடாத கணக்கை நீக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து அவர்கள் நடைமுறை. கணக்கு அப்பாவின் பெயரில் இருந்தால் இப்போதே உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் சுவிட்ச் போடக் கூடாது? விண்டோஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் டிஸ்க்கில் எதையாவது எழுதும். தேதிகள் மாறும். இத்தனை வயதான பவர் சப்ளை ஒரே வெடியில் போய்விடவும் கூடும். நாங்கள் டிஸ்க்கைக் கழற்றி, எழுதவே விடாத ஒரு தடுப்புக் கருவி வழியாக இணைத்து, முதல் பிட்டிலிருந்து கடைசி பிட்வரை அப்படியே ஒரு பிம்பம் எடுப்போம். எடுத்த கையோடு அதற்கு 64 குறிகள் கொண்ட ஒரு எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைப்போம். அது கோப்பின் கைரேகை. உள்ளே ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் வேறாகிவிடும். பத்து ஆண்டு கழித்து மறுபடி கணக்கிட்டு, அதே எண் வந்தால் எதுவும் கெடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஃபிளாப்பிகளை வரிசை மாற்றாமல் அதே பெட்டியில் வையுங்கள். மேலே அப்பா எழுதிய லேபிள்களைக் கிழிக்க வேண்டாம். மூன்றரை அங்குலத்தில் ஒரு மூலையில் நகரும் சின்னத் தடுப்பு இருக்கும். துவாரம் திறந்திருக்கும்படி அதை நகர்த்திவிட்டால் அந்த ஃபிளாப்பியில் யாரும் எழுத முடியாது. உலோக மூடியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வட்டத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சை. டர்பன் ஈரக்காற்றுக்கு இது சகஜம். அதைத் துடைக்க முயல வேண்டாம், எந்த டிரைவிலும் போட வேண்டாம். தனியாக ஒரு உறையில் போட்டுக் கொடுங்கள்.

பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய கோப்பு ஒன்று இருப்பதாகச் சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கதை. நிறவெறி ஆட்சியை எதிர்த்து நடந்த வூலா என்ற ரகசிய நடவடிக்கை நம் ஊரையும் தொட்டது. 1980களின் கடைசியில் விடுதலை இயக்கமான ஏ.என்.சி.யின் மேக் மகராஜும் சிபிவே ந்யாண்டாவும் ரகசியமாக நாட்டுக்குள் வந்தார்கள். லேப்டாப்பில் செய்தியைச் சங்கேதமாக்கி, ஒலியாக மாற்றி, கேசட்டில் பதிந்து, பொதுத் தொலைபேசி வழியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அதற்கான நிரலை எழுதியவர் டிம் ஜென்கின். 1990 ஜூலையில் டர்பனில் அவர்களின் ஆட்களைப் போலீஸ் பிடித்தபோது டிஸ்க்குகளும் மாட்டின. விடுதலைப் போராட்டத்தின் ஒரு பகுதி அப்போதே கம்ப்யூட்டரில்தான் பிறந்தது. ஜென்கின் அந்த நிரலைப் பூட்டிய ஜிப் கோப்பில் வைத்திருந்தார், பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. ஜான் கிரஹாம்-கம்மிங் என்ற நிரலாளர் 2024இல் பூட்டை உடைத்துத் திறந்து கொடுத்தார். பழைய ஜிப் பூட்டு பலவீனமானது என்பதால் முடிந்தது. அப்பாவின் கோப்பையும் திறக்க வழி இருக்கலாம். ஆனால் அவர் ஏன் பூட்டினார் என்று முதலில் நீங்கள் யோசிக்க வேண்டும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது இதுதான். முழு பிம்பம் எடுக்கும்போது அவர் அழித்த கோப்புகளும் கூடவே வந்துவிடுகின்றன. அழி என்று சொன்னால் கம்ப்யூட்டர் அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறதே தவிர, எழுதியது அங்கேயே கிடக்கும். கோயில் கமிட்டியில் நடந்த சண்டை, யாரோ கடன் கேட்டு எழுதிய கடிதம், அனுப்பாமல் விட்ட ஒரு கோபமான பதில், எதுவும் இருக்கலாம். மீட்க முடியும் என்பதாலேயே மீட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மனிதர் யோசித்து அழித்தது அவருடைய முடிவு. என்னோடு வேலை செய்யும் சிலர் வரலாறு முக்கியம் என்று வாதாடுவார்கள். அரசாங்கத்தின் டிஸ்க் என்றால் நானும் அவர்கள் பக்கம்தான். இந்த நாட்டில் 1993இல் உளவுத்துறை சுமார் 44 டன் ஆவணங்களை உலையில் போட்டு எரித்ததை நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பதிவு செய்திருக்கிறது. அதிகாரத்தில் இருந்தவர்கள் அழித்ததைத் தேடி எடுக்கத்தான் வேண்டும். ஒரு தமிழ் வாத்தியாரின் வீட்டு டிஸ்க் அப்படி அல்ல. நீங்கள் சொன்னால், இருக்கும் கோப்புகளையும் எழுத்துருவையும் எடுத்துக்கொண்டு முழு பிம்பத்தை நீக்கிவிடுவோம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். உயிரோடு இருப்பவர்களின் முகவரி, வங்கிக் கணக்கு உள்ள கோப்புகளைச் சட்டப்படியும் பொதுவில் வைக்க முடியாது.

ஃபிளாப்பியை விட அவசரமான ஒன்றும் உண்டு. 2020 ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்றிருந்தபோது, எத்தனையோ வீடுகளில் ஃபேஸ்புக் லைவில்தான் சொந்தபந்தம் அழுதது. அந்த வீடியோக்கள் என்றைக்கும் அங்கே இருக்கும் என்று நம்பியிருந்தோம். 2025 பிப்ரவரி 19 முதல் புதிய லைவ் வீடியோவை 30 நாள்தான் வைப்போம், பழையதையும் அறிவிப்புக் கொடுத்து நீக்குவோம் என்று அந்நிறுவனம் சொல்லிவிட்டது. உங்கள் சித்தியின் காரியத்தை ஒளிபரப்பியது யார் என்று விசாரித்து, இறக்கி வைத்தார்களா என்று உடனே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி இருந்தால் அதையும் வையுங்கள். ஆனால் அது சுருங்கிப்போன பிரதி, எடுத்த தேதியும் அதில் இருக்காது.

பிரதிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. 2021 ஏப்ரல் 18 அன்று கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜேகர் நூலகம் எரிந்தபோது சுமார் 3,500 டிவிடிகள் கொண்ட ஆப்பிரிக்கத் திரைப்படத் தொகுப்பு முழுவதும் போயிற்று. அடுத்த ஏப்ரலில் நம் ஊர் வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று எங்களிடம், ஒன்று உங்களிடம், ஒன்று ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) உங்கள் கூடப்பிறந்த தம்பியிடம் இருக்கட்டும்.

வரும்போது பெட்டியை முழுசாகக் கொண்டுவாருங்கள், எதையும் கழற்ற வேண்டாம். மானிட்டரும் கீபோர்டும் தேவையில்லை. ஆனால் கீபோர்டின் மேல் அப்பா தமிழ் எழுத்துகளை ஒட்டி வைத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், எழுத்துருவைக் கண்டுபிடிக்க அது உதவும். அவரோடு பள்ளியில் வேலை பார்த்த வாத்தியார்களில் யாராவது இருந்தால், எந்த எழுத்துருவை யாரிடமிருந்து வாங்கி ஏற்றினார்கள் என்று கேட்டு வையுங்கள். வருவதற்கு முந்தின நாள் ஒரு போன் போடுங்கள், வாசலில் வந்து தூக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி
டர்பன்