பேதியில போறவனே

மண்டபம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரனுக்குச் சின்னம்மை போட்டதால் பதில் தாமதம். நான் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவதற்குள் அம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். பத்து நாள் வீட்டில் தாளிப்பு கிடையாது. நேற்றுதான் மூன்றாம் தண்ணீர் ஊற்றினோம். பயல் இப்போது தெருவில் ஓடுகிறான்.

இந்தப் பத்து நாளில் அம்மா வாயைத் திறந்தாள் பார். வேப்பிலை தொங்கும் வீட்டுக்கு அந்தக் காலத்தில் யாரும் போகமாட்டார்களாம். 'நம் முன்னோர் அப்போதே தனிமைப்படுத்தினார்கள்' என்று வாட்ஸ்அப்பில் பெருமை பேசுகிறார்களே, அது பாதிக் கதைதான். பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்துகிறவர் வந்தால் பிள்ளைகளை ஒளித்ததும் அதே முன்னோர்தான். கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில் கிடந்த அம்மாவைக் காலைப் பிடித்து இழுத்துக் குத்தினார்களாம். கையில் அந்தத் தழும்பு காசு அளவுக்கு இருக்கிறது. உனக்கும் எனக்கும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பு இல்லை. 1975-க்கு அப்புறம்தான் இங்கே பெரியம்மையே இல்லையே.

அப்புறம், நம் 'மண்டபம் கேம்ப்' ஸ்டேஷன் பெயரில் 'கேம்ப்' எப்படி வந்தது என்று நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? சிலோன் தோட்டங்களுக்குப் போன ஜனங்களை இங்கேதான் சில நாள் அடைத்து வைத்திருந்தார்கள். காலரா இல்லை, அம்மை இல்லை என்று தெரிந்த பிறகே தனுஷ்கோடிக்கு ரயிலேற்றி, தலைமன்னாருக்குக் கப்பலில் அனுப்பினார்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் 1983-க்கு அப்புறம் இலங்கை அகதிகள் வந்து தங்கிய கேம்ப்தான். சிலோனுக்குப் போனவர்களை நிறுத்திவைத்த இடத்திலேயே சிலோனிலிருந்து தப்பி வந்தவர்களும் தங்கினார்கள். எத்தனை தடவை அந்த வழியாகப் பந்து விளையாடப் போயிருப்போம்!

முந்தாநாள் பயல் மருந்துக்கு அடம்பிடித்தான். "பேதியில போறவனே" என்று அம்மா வைதாள். சின்ன வயதில் நாம் வாங்காத வசவா? அவன் சும்மா இருக்காமல், "பேதின்னா என்ன பாட்டி?" என்றான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் சின்ன மாமாவைப் பற்றிச் சொன்னாள். காலையில் வலை இழுத்துவிட்டு வந்தவர் பொழுது சாயுமுன் வாந்திபேதியில் போய்விட்டாராம். தூக்க நாலு பேர் சேரவில்லை. வலை உலர்த்தும் கம்பில் கட்டி இரண்டு பேர் கொண்டுபோனார்கள். இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை.

இன்று காலையும் அவன் இட்லி வேண்டாம் என்றான். "பேதி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு, "போடா குரங்கு" என்றாள்.

உன்னை விசாரித்தாள். ஆடிக்கு வருகிறாயா?

அன்புடன்,
உன் மாப்ளே