கண்டத்திட்டைப் பிரித்துக் காட்டுங்கள்

புவியியல் பாடநூல் எழுதுவோருக்கும் பக்கம் அமைப்போருக்கும், வணக்கம்.

ராமநாதபுரம் கடற்கரைக் கிராமம் ஒன்றில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவன், ‘கண்டத்திட்டு’ வந்ததும் தடுமாறினான். “கண்டத்து... இட்டு. கண்டத்துல எதை இட்டாங்க டீச்சர்?” அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்டத்து, இட்டு என்ற இரண்டும் புணர்ந்தாலும் இதே எழுத்துகள்தான் வரும்.

பலகையில் ‘கண்டம் + திட்டு’ என்று எழுதினேன். “அட, நம்ம மணல் திட்டு மாதிரியா?” என்றான். தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள திட்டுகளைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்தவன். அப்புறம், கண்டத்தின் விளிம்பு கடலுக்கடியில் மெல்லச் சரிந்து ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் வரை போவதைச் சொன்னபோது அவனுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. திட்டு அவனுடைய சொல். புணர்ச்சிதான் அதை அவனிடமிருந்து மறைத்திருந்தது.

‘அனற்பாறை’யும் அப்படித்தான். அதற்குள் இருப்பது அனல் என்று காட்டினால், பூமிக்குள்ளிருக்கும் பாறைக் குழம்பு ஆறி இறுகிய பாறை என்பது பாதி புரிந்துவிடும்.

பக்கம் அமைப்போரிடம் தனியாக ஒன்று. ஒரு வரி ‘நிலநடுக்’ என்று முடிந்து, அடுத்த வரி ‘கோடு’ என்று தொடங்கியதைப் பார்த்தேன். படித்த பெண் அதை நிலநடுக்கம் வரும் கோடு என்றே நினைத்தாள். அசை பிரித்தால் நிலநடுக்கம், நிலநடுக்கோடு இரண்டிலும் முதல் இரண்டு அசைகள் ‘நில’, ‘நடுக்’ என்றுதான் வரும். காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்றில் இருப்பது நடுங்குதல், மற்றொன்றில் இருப்பது நடு. அந்த ‘க்’ கோட்டோடு சேரும்போது வந்த ஒற்று. மென்பொருள் அசையைப் பார்த்து வெட்டுகிறது. பொருளைப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இடம் போதாது என்பீர்கள், சரி. ஒவ்வொரு முறையும் கேட்கவில்லை. கலைச்சொல் முதன்முறை வரும் இடத்தில் மட்டும், பக்க ஓரத்தில் சிறிய எழுத்தில் பிரித்துக் கொடுங்கள். அந்தச் சொல்லை வரிக்கடைசியில் உடைக்காமல் முழுதாக அடுத்த வரிக்குத் தள்ளுங்கள். அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்துவிடலாம்.

அன்புடன்,
ஒரு மாலை வகுப்பு ஆசிரியை