எக்ஸ்றே பார்க்காமல் முதுகை முறுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

கிளிநொச்சிப் பக்கம் நெல்மூட்டை தூக்கி நாரி (இடுப்பு) பிடித்தவர்களுக்கு, கைப்பேசியில் கைரோபிராக்டிக் (முள்ளந்தண்டைக் கையால் அழுத்தித் திருப்பும் வைத்தியம்) வீடியோ பார்த்தவர்கள் முதுகை முறுக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1895இல் டி. டி. பாமர் என்பவர் தொடங்கிய முறை அது. முறையாகப் படித்தவர் செய்தால் சிலருக்கு நாரிநோ குறையும், சரி. ஆனால் 'டக்' என்ற சத்தம் எலும்பு இடத்துக்கு வந்த சத்தமல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழியால் உண்டாகும் சத்தம்.

எங்கள் வன்னியில் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டை முள்ளந்தண்டருகே இன்னும் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்றே பார்க்காமல் அவர்களில் கைவைக்கவே கூடாது. கழுத்தைச் சடாரென்று திருப்பினால், அரிதாக என்றாலும், இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வரலாம். கால் விறைத்து, சிறுநீர் கட்டுப்படாமல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று சுகாதார அதிகாரிகளைக் கேட்கிறேன்.

வாசகர்,
பரந்தன்