பொத்தான் வைத்த பைஜாமா

சுவோன், தென் கொரியா,
20 மே 2025

அன்புள்ள செல்வி,

உன் வாய்ஸ் நோட்டை இரண்டு தடவை கேட்டேன். ஏழு நிமிடத்தில் ஐந்து நிமிடம் உன் மகள் யாழினியின் முடியைப் பற்றித்தான். இடுப்புவரை இருந்த பின்னலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாளாம். உன் மாமியார் அந்தப் பின்னலைப் பார்லரிலிருந்து கேட்டு வாங்கிவரச் சொல்லி, மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்திருக்கிறாராம். நீ தொண்டை அடைக்கச் சொல்கிறாய், எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டாய் பார்: "ஏதோ கொரியப் பாட்டாம், நாள் முழுக்க அதேதான் ஓடுது, அதுல என்னதான்டீ இருக்கு?" இதற்குக் குரலில் பதில் சொல்ல வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய துணுக்கு பத்து நொடிகூட இல்லை. ஆனால் கேட்டதுமே தெரிந்துவிட்டது, ஐயு என்கிற கொரியப் பாடகியின் 'பேலட்'. நான் இங்கே பெட்டியோடு வந்து இறங்கியது 2017 மார்ச். இந்தப் பாட்டு வந்தது அதே வருடம் ஏப்ரல் 21. ஆய்வகத்துக்குப் போகிற வழியில் ஒரு காபிக் கடை உண்டு. யாராவது கதவைத் திறந்தால் காபி வாசனையோடு இதுவும் தெருவுக்கு வரும். ஒரு சொல் புரியாது எனக்கு. நடுவில் ஆங்கிலத்தில் தனக்கு இருபத்தைந்து என்று ஒரு வரி வரும், அதை மட்டும் பிடித்துக்கொண்டு, சரி, இருபத்தைந்து வயதுப் பெண் பாடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அதுவும் தப்பு. ஐயு பிறந்தது 1993 மே 16. பாட்டு வந்த அன்று நம் கணக்கில் அவளுக்கு 23 முடிந்து 24 நடப்பு. இங்கே கணக்கு வேறு. பிறக்கும்போதே ஒரு வயது, அப்புறம் ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் ஊரே சேர்ந்து ஒரு வயது ஏறும். டிசம்பர் 31 ராத்திரி பிறந்த குழந்தைக்கு மறுநாள் காலையில் இரண்டு வயது! நமக்கு வயது 'ஆகிறது'. இவர்கள் வயதைச் 'சாப்பிடுகிறார்கள்', சொல்லே அதுதான். புத்தாண்டுக்கு வெள்ளை அரிசிக் கட்டியை வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டு ஒரு சூப் வைப்பார்கள், தொக்குக் என்று பெயர். அதைக் குடித்தால் ஒரு வயது சாப்பிட்டாயிற்று. என் வீட்டுக்கார அம்மா முதல் வருடம் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார். ருசியாக இருக்கிறதே என்று இரண்டாவது கிண்ணம் கேட்டேன். "இரண்டு வயது ஏறிவிடும், பரவாயில்லையா?" என்று சிரித்தார்.

இங்கே வயது தெரியாமல் வாயைத் திறக்கவே முடியாது. வந்த முதல் வாரத்தில் ஆய்வகத்தில் ஒரு பெண்ணை மரியாதையாக இருக்கட்டும் என்று "ஒன்னி" என்று கூப்பிட்டேன். ஒரு பெண் தன் அக்காவைக் கூப்பிடுகிற சொல் அது. அவள் முகம் சுருங்கிவிட்டது. என்னைவிட ஆறு வயது சின்னவளாம். அன்றே எல்லோரும் சுற்றி நின்று என் பிறந்த வருடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நமக்கு இது புதிதா என்ன? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியை அக்கா என்பதா ஆன்ட்டி என்பதா என்று நாம் படாத பாடா?

இது தெரிந்த பிறகுதான் பாட்டின் நடுவில் வருகிற ஆண் குரல் எனக்குப் புரிந்தது. யாழினியைக் கேள், ஜி-டிராகன் என்பாள், பிக் பாங் இசைக் குழுவின் தலைவர். அவர் ஐயு என்று கூப்பிடவில்லை. சொந்தப் பெயர் லீ ஜி-உன் அல்லவா, "ஜி-உன்-ஆ" என்று பெயரை இழுத்துக் கூப்பிட்டுவிட்டு, தன்னை "ஒப்பா" என்று சொல்லிக்கொள்கிறார். நம் வீட்டில் "அண்ணன் சொல்றேன் கேளு" என்று ஆரம்பிப்பார்களே, அச்சு அசல் அதுதான். (காதலனையும் ஒப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணனும் அத்தானும் ஒரே சொல்லில். உன் மாமியாரிடம் இதைச் சொல்லிவைக்காதே.) எனக்கு முதலில் அந்த இடம் எரிச்சலாக இருந்தது. ஒரு பெண் தன்னைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து ஓர் ஆண் புத்திமதி சொல்வானேன்? மொழி பிடிபட்ட பிறகு கேட்டால் அது புத்திமதியே இல்லை. எனக்கும் இப்போதுதான் முப்பது, உன்னைவிட ஐந்து வயதுதான் கூடச் சாப்பிட்டிருக்கிறேன், நானே இன்னும் பெரியவன் ஆன பாடில்லை என்கிறார். குழந்தையும் இல்லாமல் பெரியவரும் இல்லாமல் நாம் நாமாக மட்டும் இருக்கிற அந்த இடைவெளிதான் வெளிச்சமான காலம் என்று அப்புறம் சொல்கிறார். அந்த முப்பதும் நம் கணக்கில் 28!

சரி, யாழினியின் முடிக்கு வருகிறேன்.

பாட்டில் ஐயு பெரிதாக எதுவும் சொல்வதில்லை. வரியும் மெட்டும் அவளே போட்டது. அதனால் டைரியில் கிறுக்கியது மாதிரியே இருக்கும். என்னவோ இப்போதெல்லாம் சுலபமானதே பிடிக்கிறது என்று ஆரம்பிக்கிறாள். ஆனாலும் பிரிட்டிஷ் பாடகி கொரீன் பெய்லி ரேயின் இசை இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. பளிச்சென்ற ரோஸ் நிறத்தைவிட அடர் ஊதா பிடிக்கிறது. அப்புறம் என்ன, என்று யோசித்துவிட்டு, பொத்தான் வைத்த பைஜாமா, லிப்ஸ்டிக், கொஞ்சம் குறும்பான விளையாட்டுகள் என்கிறாள். அவ்வளவுதான் பட்டியல். நாட்டைத் திருத்துவதும் இல்லை, காதலனைத் திட்டுவதும் இல்லை. இரண்டாவது சரணத்தில் வருகிறது நம் விஷயம். நீளக் கூந்தலைவிட ஒரே மட்டமாக வெட்டிய குட்டை முடிதான் பிடிக்கிறது என்கிறாள். சொன்ன கையோடு, ஆனாலும் 'நல்ல நாள்' பாடின காலத்தில் அழகாகத்தான் இருந்தேன் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம்.

அந்த 'நல்ல நாள்' 2010 டிசம்பரில் வந்த பாட்டு. அப்போது அவளுக்குப் பதினேழு. பதினைந்து வயதில் பாட வந்து, இரண்டு வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தவளை அந்த ஒரு பாட்டுதான் நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடைசியில் ஓர் இடத்தில் குரலை மூன்று படியாக ஏற்றிக்கொண்டே போவாள், மூச்சு விடாமல். போகிற இடமெல்லாம் அந்த மூன்று படியை ஏறிக் காட்டச் சொன்னார்கள். நீளக் கூந்தல், சின்ன கவுன், ஊருக்கே தங்கச்சி. 'பேலட்'டில் அந்தப் படி எதுவும் கிடையாது. பேசுகிற குரலிலேயே பாடி முடித்துவிடுகிறாள். பதினேழு வயதில் மற்றவர்களுக்குப் பிடித்ததைச் செய்துகாட்டினவள், இப்போது தனக்கு எது பிடிக்கும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறாள். தான் வளர்ந்துவிட்டதைப் பற்றி இதைவிடச் சத்தம் குறைவாக யாரும் பாடி நான் கேட்டதில்லை.

அந்த இருபத்தைந்து வரி முதல் தடவை வரும்போது, என்னைப் பிடிக்கும் உனக்கு, தெரியும் என்பாள். அதே மெட்டு திரும்ப வரும்போது, என்னைப் பிடிக்காது உனக்கு, தெரியும் என்பாள். இரண்டுக்கும் குரலில் ஒரு வித்தியாசமும் இருக்காது. அந்த ஓர் இடத்துக்காகவே நான் இந்தப் பாட்டை வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் 2015-இல் 'இருபத்து மூன்று' என்று ஒரு பாட்டு போட்டிருந்தாள். இங்கே சாமர்த்தியக்காரியை நரி என்பார்கள், மந்தமானவளைக் கரடி என்பார்கள். நான் கரடி வேஷம் போட்ட நரியா, நரி வேஷம் போட்ட கரடியா, முடிந்தால் கண்டுபிடி என்று வம்புக்கு இழுக்கிற பாட்டு. அந்தப் பாட்டு வந்த தொகுப்புக்கு அவள் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. அதன் பிறகு வந்தது இந்த நிதானம். என்னைக் கேட்டால், அந்த வம்பு இல்லாமல் இந்த நிதானம் வந்திருக்காது.

பேலட் என்றால் ஓவியர்கள் வண்ணம் குழைக்கிற தட்டு. வரைந்து முடித்த படத்தைவிட, வண்ணங்கள் அடைத்துக்கொண்டு கிடக்கிற தட்டுதான் பிடிக்கும் என்று ஒரு வரி உண்டு. பள்ளிக்கூடத்தில் நீ வாட்டர் கலர் குழைத்த அந்த எவர்சில்வர் மூடி ஞாபகம் வந்தது. படம் ஒன்றும் சரியாக வராது உனக்கு. மூடி மட்டும் அவ்வளவு அழகாக இருக்கும்.

நம் தமிழம்மா பேதை பெதும்பை மனப்பாடம் செய்யச் சொன்னாரே, சொல்லிப் பார். பதினான்கிலிருந்து பத்தொன்பது மடந்தை, இருபதிலிருந்து இருபத்தைந்து அரிவை, முப்பத்தொன்று வரை தெரிவை. இந்தப் பாட்டு அரிவையின் கடைசி வருடத்துப் பாட்டு. யாழினி இன்னும் மடந்தை. நாம் பேரிளம்பெண்ணையும் தாண்டியாச்சு, நமக்குப் பெயர்கூட வைக்கவில்லை பாவிகள்.

ஐயு அந்தப் பாட்டோடு நிறுத்தவும் இல்லை. 2020-இல் 'எய்ட்', இருபத்தெட்டுக்கு. உடன் பாடியது பிடிஎஸ் குழுவின் சுகா, அவரும் 1993-இல் பிறந்தவர், இந்த ஊர் முறைப்படி சோட்டு நண்பர்கள். 2021-இல் 'லைலாக்', இருபதுகளுக்கு விடை சொல்கிற பாட்டு. இது எல்லாம் யாழினிக்கே தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன். அவளுக்குத் தெரிந்திருந்தாலும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிற ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

2022 செப்டம்பரில் சியோலில் ஜாம்சில் ஒலிம்பிக் மைதானத்தில் இரண்டு நாள் பாடினாள். அந்த மைதானத்தில் தனியாக நிகழ்ச்சி நடத்திய முதல் கொரியப் பெண் அவள்தான். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெண்ணுக்கு டிக்கெட் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் கண் வீங்கி வந்தாள். என்ன ஆச்சு என்றால், 'பேலட்' இனி இல்லை என்கிறாள். ஐயுவுக்கு அந்த வருடம் இந்த ஊர்க் கணக்கில் முப்பது. இந்தப் பாட்டை நான் இனியும் பிடித்து வைத்திருக்க வேண்டாம், இருபத்தைந்து வயது ஜி-உன்னிடமே விட்டுவிடுகிறேன், இனி என் வழக்கமான பட்டியலில் இது வராது என்று மேடையிலேயே சொல்லிவிட்டாளாம். 'நல்ல நாள்' பாட்டுக்கும் அன்றே விடை. நான் மைக்ரோவேவில் சோற்றைச் சூடு செய்துகொண்டே கேட்டேன். அது நின்று வெகுநேரம் ஆகியும் வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 2023 ஜூன் 28-இலிருந்து அரசாங்கமே வயதை உலகக் கணக்கில் எழுத ஆரம்பித்துவிட்டது. முப்பத்தொன்றாக இருந்த ஐயு மறுபடி முப்பது. நாற்பத்தொன்றாக இருந்த நான் ஒரே ராத்திரியில் முப்பத்தொன்பது! ஆனால் பியர் வாங்குவதற்கு மட்டும் இன்னமும் பிறந்த வருடம்தான் கணக்கு. டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு அடிக்கும்போது பார்க்க வேண்டுமே, குளிரில் பாருக்கு வெளியே அடையாள அட்டையும் கையுமாகப் பிள்ளைகள் நிற்பார்கள்.

நேற்று இங்கே வயதுவந்தோர் தினம். ஒவ்வொரு வருடமும் மே மாத மூன்றாவது திங்கள். இந்த வருடம் 2006-இல் பிறந்தவர்களுக்கு. நம் யாழினியும் அந்தக் கணக்குத்தானே, அக்டோபரில் பத்தொன்பது. பழைய வழக்கப்படி ரோஜாவும் சென்ட்டும் வாங்கிக் கொடுப்பார்கள். ரயில் நிலைய வாசலில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் வாளியில் ஒற்றை ரோஜாக்களை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கினேன். யாருக்கு என்றார். தோழியின் மகளுக்கு என்றேன். எந்த வருடம் என்று கேட்டார், வேறென்ன கேட்பார். 2006 என்றதும், "ஐயோ, குழந்தை" என்றார்.

ரோஜாவை அனுப்ப முடியாது, அது என் மேசையில் தண்ணீர் டம்ளரில் இருக்கிறது. கூட வேலை செய்கிற மன்னார்குடிப் பையன் ஜூன் முதல் வாரம் ஊருக்கு வருகிறான். அவனிடம் பொத்தான் வைத்த பைஜாமா ஒன்று கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். கடையில் அடர் ஊதாவும் இருக்கிறது, ரோஸும் இருக்கிறது. எது வேண்டும், என்ன அளவு என்று அவளையே கேட்டு எழுது. நீயாக முடிவு பண்ணிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அவன் திரும்பி வரும்போது உன் மாமியார் போட்ட வடுமாங்காய் கொஞ்சம் கொடுத்தனுப்பு. மூடியை நன்றாக டேப் ஒட்டு, போன தடவை எண்ணெய் முழுக்க அவன் சட்டையில்.

உன்,
கலா